எழுத்தளவு ஒன்று

சொந்தபந்தம் முழுவதும் புரட்டிப் பார்க்கப்போகும் குடும்ப மலருக்காக, செவந்தியப்பன் டிடிபி கடையில் தன் வீட்டு விவரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் அவரும் மனைவியும் மகனும் கட்டங்களுக்குள் இருந்தார்கள். இரண்டாம் பக்கம் முழுக்க மகள் பூங்கோதை. போன மாதம் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள்.

"இந்தப் பக்கத்த எடுத்துரும்மா" என்றார்.

கடையில் தட்டச்சு செய்யும் ஸ்டெல்லா பெயரை அழித்தாள், படிப்பை அழித்தாள், சிரிக்கிற படத்தை அழித்தாள். எல்லாம் போன பிறகும் பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது.

"ஏன் இன்னும் கெடக்கு?"

"மேல கட்டம் முடியுதுல்லா அண்ணாச்சி, அதுக்கு அடியில ஒரு வெத்து வரி இருந்தே தீரும். அத அழிக்க முடியாது. அந்த வரியோட எழுத்தளவ ஒண்ணுன்னு வச்சா, யார் கண்ணுக்கும் தெரியாம மேல ஒட்டிக்கிடும்."

வைத்தாள். பக்கம் மறைந்தது. பிரிண்டர் ஓடத் தொடங்கியது. செவந்தியப்பன் வாசல்வரை போய், செருப்பை மாட்டாமல் திரும்பி வந்தார்.

"அந்த வரி உள்ளதான இருக்கு?"

"இருக்கு அண்ணாச்சி."

"எப்பவாது பெருசாக்குனா, திரும்ப வந்துருமா?"

ஸ்டெல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெறுந் தாளு மட்டும் வரும், அண்ணாச்சி."