நாற்பது நிமிடச் சண்டை

"முதல்ல அந்தக் கதவைச் சாத்து! நம்ம சண்டை பட்டறை முழுக்கக் கேக்கணுமா?" என்று கத்தினான் அண்ணன்.

தங்கை கதவை அறைந்து சாத்தினாள். இரண்டு ஜன்னல்களையும் இழுத்து மூடித் தாழிட்டாள். "போதுமா? இல்ல, சாவி ஓட்டையில பஞ்சு வைக்கட்டுமா?"

சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்த களைப்பு அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்தது.

சுரங்கம் இடிந்து வழி அடைத்துக்கொண்டால், தொழிலாளர்கள் ஓர் அறைக்குள் புகுந்து கதவை மூடிக்கொண்டு உதவிக்காகக் காத்திருப்பார்கள். அங்கே அவர்கள் விடும் மூச்சே அவர்களுக்கு எமன். அதிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் பொடியைத்தான் அண்ணனும் தங்கையும் தயாரித்தார்கள். இன்று அதிகாரி கையெழுத்துப் போடாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

"அப்போ சோதனை கிடையாதா?" என்றார் அதிகாரி.

"சிலிண்டர் வாயுவை நிரப்பிச் சோதிக்கற கண்ணாடித் தொட்டி வழியிலேயே விரிசல் விட்டுடுச்சு மேடம். எல்லாம் இவளாலதான். போர்வையைச் சுத்தி வைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"நீ வண்டி ஓட்டின லட்சணத்துக்கு மெத்தை போட்டு வச்சிருந்தாலும் உடைஞ்சிருக்கும். பள்ளத்தைத் தேடித் தேடி இறக்கின!"

"பாருங்க மேடம், வாய் மட்டும் காது வரைக்கும்!"

தங்கை அவனை ஒதுக்கிவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "தொட்டி இல்லாமலே புரியவைக்கறேன் மேடம். இது சிலிக்கா, மணலோட சொந்தக்காரன். ஆனா உள்ளே முழுக்கப் பொந்து. ஒரு சிட்டிகைப் பொடியில இருக்கற பொந்துச் சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரு டென்னிஸ் மைதானம் வரும். அந்தச் சுவர் மேல 'அமைன்'னு ஒரு ரசாயனத்தைப் பூசியிருக்கோம். காத்து உள்ளே போகும். ஆக்சிஜனைக் கண்டுக்காது. கரியமில வாயு வந்தா மட்டும் கையைப் பிடிச்சு உக்கார வச்சுக்கும். அப்புறம் சூடு காட்டினா விட்டுடும். பொடியைத் திரும்ப உபயோகிக்கலாம். இப்போ சுரங்கத்துல வைக்கற சுண்ணாம்புப் பெட்டி மாதிரி ஒரு தடவையோட தூக்கிப் போட வேண்டாம்."

"இதெல்லாம் உங்க ரிப்போர்ட்லயே இருக்கு," என்றார் அதிகாரி. "சிலிண்டர்ல இருந்து வர்ற வாயு அமைதியா வரும். என் ஆளுங்க அப்படியா? பயத்துல கத்துவாங்க, அழுவாங்க, சட்டையைப் பிடிச்சுக்குவாங்க. அதைத் தாங்குமா?"

"சொல்லு விஞ்ஞானி, தாங்குமா?" அண்ணன் துள்ளி எழுந்தான். "வாயைத் திறந்து பதில் சொல்லு!"

"நீ ஏன் குதிக்கற? பொடி காய வைக்கறது நான். நீ கிழிச்சது விசிட்டிங் கார்டு அடிச்சது மட்டும்தான்!"

அதற்குப் பிறகு இருவரையும் பிடிக்க முடியவில்லை. உடைந்த தொட்டியில் தொடங்கிய சண்டை, கருகிப்போன அடுப்புக்கும், தொலைந்துபோன சாவிக்கும் தாவியது. அதிகாரி இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் தங்கை, "ஒரு நிமிஷம் மேடம், நியாயத்தை நீங்களே சொல்லிட்டுப் போங்க," என்று கதவை மறித்துக்கொண்டாள்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அண்ணனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. திடீரென்று அவன் குரல் இறங்கியது.

"அப்பா மூச்சு விட முடியாமத் திணறிக்கிட்டிருந்தப்ப நாலு தடவை உனக்கு ஃபோன் பண்ணேன். பொடி அடுப்புல இருக்கு, இறக்கிட்டு வரேன்னு சொன்ன. நீ வந்து சேர்ந்தப்ப முகத்தை மூடியாச்சு."

தங்கை சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"போதும்!" அதிகாரி மேசையில் அறைந்தார். "உங்க குடும்பச் சண்டையைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? இந்த ஜென்மத்துல உங்களுக்கு ஆர்டர் கிடையாது. வழியை விடுங்க!"

"போங்க மேடம்." தங்கை கதவை விட்டு விலகினாள். "போறதுக்கு முன்னாடி, இடுப்புல மாட்டியிருக்கீங்களே, அந்த வாயு மீட்டரை ஒரு தடவை பாருங்க."

அதிகாரி பார்த்தார். விரலால் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கரியமில வாயு வெறும் அறுநூத்தம்பதா? மூணு பேரு, பூட்டின ரூமு, இந்தக் கத்தல்... மூவாயிரத்தைத் தாண்டியிருக்கணுமே! எனக்குத் தலை கனத்திருக்கணுமே!"

தங்கை மேசை விரிப்பைத் தூக்கினாள். அடியில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே மூன்று கிலோ பொடி. அதன்மேல் சின்ன விசிறி ஒன்று சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"தொட்டி உடையவே இல்ல மேடம்," என்று அண்ணன் இளித்தான். "சிலிண்டர் சோதனையை நம்ப மாட்டேன்னு லெட்டர்லயே எழுதியிருந்தீங்க. அதான் இந்த நாடகம்."

அதிகாரி முதலில் முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"நிஜச் சண்டைன்னே நினைச்சுட்டேன். அதுவும் அந்த அப்பா வசனம்! எனக்கே கண் கலங்கிடுச்சு."

அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அண்ணன் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஜெயிச்சுட்டோம்! எப்படி என் நடிப்பு?"

தங்கை அவன் கையை உதறினாள்.

"தொட்டி, அடுப்பு, சாவி. நாம பேசி வச்சது இந்த மூணு மட்டும்தானேண்ணா?"