மீதி இரண்டு வளையங்கள்

அதிக இரும்பு வளையங்கள் அடித்ததற்காக மூன்று வருடம் பரிசு வாங்கிய அமராவதி, பிரஸ் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசு வாங்கித் தந்த வளையங்கள் குடோனில் மூட்டை மூட்டையாகத் துருப்பிடித்துக் கிடந்தன. வளையங்களைப் பொருத்தும் பக்கத்து மேசையிலிருந்து தட்டு காலியாகி வந்தால் மட்டுமே இனி அடிக்க வேண்டும் என்று விதி போட்ட முதலாளியே இப்போது எதிரில் நின்றார். தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்கள் வாசலை நெருங்கிவிட்டார்கள்.

“சும்மா உட்கார்ந்திருந்தா என்ன நெனைப்பாங்க? பத்து அடிச்சு வை.”

“காலித் தட்டு வரலைங்க.”

“உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணுங்க. தட்டு வரட்டும்.”

பக்கத்து மேசைத் தட்டில் இன்னும் இரண்டு வளையங்கள் இருந்தன. முதலாளி அவற்றை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலித் தட்டை அவள் முன் வைத்தார். அமராவதி மெஷினைத் தொடவில்லை. அவருடைய சட்டைப்பைக்கு நேராகக் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தாள்.