குப்பையில் நான்கு

சைனிக்புரிக்குக் குடிவந்த சௌம்யா, கைபேசியில் ஆடும் சமையல் விளையாட்டில் வருகிற பதார்த்தங்களை வீட்டு அடுப்பில் நிஜமாகவே செய்து பார்ப்பாள். அன்று பூசணி சூப். விளையாட்டில் அதை வாடிக்கையாளரான கரடிக்குப் பரிமாறியதும் கணக்கு வந்தது: பரிமாறியது ஒன்று, குப்பையில் போட்டது நான்கு.

அவள் விளையாட்டில் எதையும் குப்பையில் போடவில்லை. மறுபடி ஆடினாள். மறுபடியும் நான்கு.

போட்டது நேற்று, வீட்டுக் குப்பைக்கூடையில். மாடி வீட்டு மைமூன் அக்கா, நாகூர்க்காரர், பெருநாளுக்கு ஒரு கிண்ணத்தில் கடல்பாசி இனிப்பு கொடுத்தனுப்பியிருந்தார். பாலில் செய்த வெள்ளை வில்லைகள் நான்கு. பெயரிலேயே கடல் இருக்கிறதே, மீன் சமாசாரமோ என்று சைவக்காரியான சௌம்யா வாயில்கூட வைக்காமல் கொட்டிவிட்டாள்.

கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று, அதில் சூப்பை ஊற்றி மாடிக்கு எடுத்துப் போனாள்.

"கடல்பாசி பிடிச்சிச்சாம்மா?"

"சூப்பர்க்கா. நாலையும் நானே சாப்பிட்டேன்."

"நீ சைவமாச்சேன்னு புதுச் சட்டி வாங்கியில்ல செஞ்சேன்!" என்று அக்கா பூரித்துப்போனார்.

சௌம்யாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீழே வந்து கைபேசியைத் திறந்தாள். எப்போதும் சாப்பாடு கேட்கும் கரடி இன்று எதையும் கேட்கவில்லை. தன் முன்னால் இருந்த தட்டை மெல்ல அவள் பக்கமாக நகர்த்தி வைத்தது. தட்டில் நான்கு வெள்ளை வில்லைகள். ஒன்றின்மேல், நேற்று அவள் கூடையில் கொட்டிய தேயிலைச் சக்கை ஒட்டியிருந்தது.