ரோட்டோர மலை

"பாருங்கய்யா, கொழுந்து எப்படித் தளதளன்னு நிக்குது!"

ரோட்டோரத் தேயிலை மலையைக் காட்டினார் கிளாக்கர் ஆண்டியப்பன்.

இராயப்பன் குறித்துக்கொண்டான். கொழும்பில் பங்குத் தரகர் ஆபீசில் வேலை. எந்தத் தோட்டத்துப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். எழுதியது பொய்த்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அழகம்மா, ஐயாவுக்கு நீயே சொல்லு!"

"எல்லாம் செழிப்புங்க" என்றாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"நேத்து அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டிட்டேன். அந்தக் கோபம்" என்று சிரித்த கிளாக்கர், காரை வரச் சொல்லத் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அழகம்மா கிட்டே வந்தாள்.

"மேல் மலையைப் போய்ப் பாருங்கய்யா. எலையெல்லாம் கொப்புள நோயி. இங்க மட்டுந்தான் பளபளப்பு."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம்! அரைநாள் சம்பளத்துக்காகத் தோட்டத்தையே காட்டிக் கொடுக்கிறாளே! இராயப்பனுக்குக் கசந்தது. ஆனாலும் ஏறிப் பார்த்தான். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

இறங்கி வந்து கேட்டேவிட்டான். "கிளாக்கரைப் பழி வாங்குறியா?"

அழகம்மா பதறினாள். "ஐயோ, இல்லைங்கய்யா! போன வருசமும் கொழும்புல இருந்து ஒரு ஐயா வந்தாங்க. இதே எடத்துல நான்தான் செழிப்புன்னு சொன்னேன். சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். நம்பி எழுதினவங்களுக்கு வேலை போயிருச்சாம். கிளாக்கரய்யா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சோறு எறங்கலைங்க. ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குமில்ல?"

போன வருடம் இங்கே வந்து போய் வேலை இழந்த கஸ்பரின் நாற்காலியில்தான் இப்போது இராயப்பன் உட்கார்ந்திருக்கிறான்.

"தெரிஞ்சா ஒங்க பேரை வெட்டி வேலையை விட்டே நிப்பாட்டிருவாங்களே?"

அவள் பதில் சொல்வதற்குள் கிளாக்கர் வந்துவிட்டார். இராயப்பனின் காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்தது. அட்டை இருப்பது மேல் மலையில்தான்; அவர் முகம் மாறியது.

"மேல் மலைக்கா போனீங்க? யாரு, இவளா சொன்னா?"

"இவங்களா? எல்லாம் செழிப்புன்னுதானே சொன்னாங்க, நீங்களும் கேட்டீங்களே!" இராயப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "காலையில இருந்து வயிறு சரியில்ல கிளாக்கர். ஒதுங்க எடம் தேடி நானாத்தான் ஏறினேன்."