தொட்டி திறப்பு விழா

இருதயமேரி வீட்டு வாசலுக்கு மாநகராட்சியின் புதிய குப்பைத் தொட்டி வந்து நாற்பத்தொரு நாளாகிவிட்டது. முதல் தடவை கவுன்சிலரின் கட்டைவிரல் பட்டால்தான் அது வாய் திறக்கும். கவுன்சிலருக்கோ வார்டு முழுக்க இரண்டாயிரம் திறப்பு விழா. தெருவில் குப்பை போட்டால் அபராதமாக வீட்டுக் குழாயில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதனால் அத்தனை நாள் குப்பையும் முன்னறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

நாளைக் காலை மகள் ஜெனிட்டா, பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வருகிறாள். தலைப்பிரசவம்.

ஒருவழியாக இன்று மாலை கவுன்சிலர் வந்தார். பட்டாசு, பொன்னாடை, ஆளுயர மாலைகள், நூறு பேருக்குக் காகிதத் தட்டில் கேசரி, தண்ணீர் பாட்டில். தூய்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டுக் கட்டைவிரலை வைத்தார். தொட்டி திறந்தது. கூட்டம் வெகு பொறுப்பாக, தட்டு, பாட்டில், மாலை எல்லாவற்றையும் அதிலேயே போட்டது.

இருதயமேரி முதல் மூட்டையைத் தூக்கி வருவதற்குள், "நிரம்பிவிட்டது, நன்றி" என்று தொட்டி மூடிக்கொண்டது.

"இத எப்பய்யா காலி பண்ணுவீங்க?" என்று கவுன்சிலரோடு வந்திருந்த சுகாதார ஆய்வாளரைப் பிடித்தாள்.

"முதல் தடவை காலி பண்ண மேயர் வரணும்க்கா. தேதி கேட்டிருக்கோம்."

"அதுவரைக்கும் பச்சப்புள்ளய எங்க படுக்க வைக்க? உங்க மேயர் மடியிலயா?"

"மனு குடுங்கக்கா, பரிசீலிப்பாங்க."

அவள் உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"நீ உன் மாமியார் வீட்டுக்கே போயிரும்மா."

"ஏம்மா, என்னாச்சு?"

"அவங்க வார்டுக்குத்தான் இன்னும் புதுத் தொட்டி வரல."