துடைக்காமல் விட்ட மூச்சு

சிக்னலில் வண்டி நின்றதும் அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

அவர் எரிச்சலில் காலை ஆட்டத் தொடங்கினார்.

ஆட்டோவின் ஸ்பீக்கர் இரண்டும் பின்சீட்டுக்கு மேலே, சரியாக அவர் தலைக்குப் பின்னால். தப்பிக்க வழியில்லை. சபா அடுத்த தெருவில்தான். இறங்கி நடந்துவிடலாம். ஆனால் ரோடெல்லாம் மழைத்தண்ணீர், இடுப்பிலோ பட்டுக்கரை வேட்டி.

கச்சேரியின் முதல் உருப்படியைத் தவறவிட்டால் விமர்சனம் எழுதுவது எப்படி? முன்வரிசையில் அவருக்கென்றே ஒரு நாற்காலி உண்டு. மேடையேறும் பாடகர்கள் முதலில் அந்த நாற்காலியைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் அவரேதான்.

பாட்டில் பிசகு கண்டால் அவருடைய ஆள்காட்டி விரல் உயரும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த விரலுக்குப் பயந்தே பல பேர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள்.

பக்கத்தில் அவர் மனைவி மரகதம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதமாக இந்தப் பாட்டு அவரை விரட்டுகிறது. டீக்கடையில், லிஃப்டில், மாடிவீட்டுக் குளியலறையில். காதில் விழுந்த உடனே ஜன்னலைச் சாத்திவிடுவார்.

போன வாரம் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார். தொழிற்சாலையில் செய்த பாட்டு என்று எழுதினார். மூச்சுச் சத்தத்தைக்கூடக் கம்ப்யூட்டரில் துடைத்து எறிந்துவிடுகிறார்கள். மூச்சு விடுகிற மனிதர் ஒருவர்கூட இந்தப் பாட்டில் இல்லை என்று முடித்தார்.

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனது. பாட்டை முழுதாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

மரகதத்திடம் படித்துக் காட்டினார். நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது கேட்டே தீரவேண்டியிருந்தது.

முதலில் வார்த்தை இல்லை. ஒரு பெண்குரலின் ஹம்மிங். கீழே ஆரம்பித்து, தயங்கித் தயங்கி மேலே ஏறியது. உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் மூக்கால் ஒரு மூச்சு.

சின்ன மூச்சு. யாரோ துடைக்காமல் விட்டிருந்தார்கள்.

அவர் விரல் உயர்ந்தது.

அது மூளையைக் கேட்டுக்கொண்டு உயர்கிற விரல் அல்ல. உயர்ந்த பிறகுதான் அவருக்கு அந்த மூச்சு அடையாளம் தெரிந்தது.

இதே மூச்சுக்கு இந்த விரல் முன்பும் உயர்ந்திருக்கிறது. இதே இடத்தில், உச்சிக்கு முன்னால். கல்யாணமான புதிதில், தினமும் காலையில். மூச்சு கேட்கிறது, மறுபடி பாடு. மூச்சு கேட்கிறது, மறுபடி.

ஒருநாள் மரகதம் தம்புராவுக்கு உறையை மாட்டினாள்.

அதன்பிறகு வீட்டில் யாரும் பாடவில்லை. அவருக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது நினைக்கவே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் மரகதம் சாலிகிராமத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போய்வருவாள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ. பாட்டு அரைக்கிற மில் என்று அவர் கிண்டலடித்திருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள்.

விரல் அப்படியே நின்றது. அதை இறக்க அவருக்குத் தெரியவில்லை.

மரகதம் திரும்பினாள்.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள். ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பிறகு டிரைவர் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா, அத ஆஃப் பண்ணிடுங்க. இவருக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பிடிக்காது."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

டிரைவரின் கை ரேடியோவை நோக்கிப் போனது.

"வேணாம். இருக்கட்டும்," என்றார். அவர் குரலே பிசிறியது.

சிக்னல் விட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்தது. பாட்டில் இப்போது ஊரெல்லாம் போஸ்டரில் இருக்கிற பாடகி பாடிக்கொண்டிருந்தாள். அவர் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை.

ஹம்மிங் மறுபடி வரவேண்டும்.

வருமா? ஆரம்பத்தையே தூக்கிக் கடைசியிலும் ஒட்டிவிடுவார்கள், கற்பனை வறட்சி என்று இந்த வகைப் பாட்டுகளைப் பற்றி எழுதியவர் அவர். இப்போது அந்த வறட்சியைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார்.

சபா வாசலில் வண்டி நின்றது. உள்ளேயிருந்து தம்புராச் சுருதி கேட்டது.

அவர் இறங்கவில்லை.

ஹம்மிங் வந்தது.

வலதுகை விரலை இடதுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கீழே ஆரம்பித்து, தயங்கித் தயங்கி ஏறியது. மரகதம் மறுபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

அந்த இடம் வந்தது.

ஒரு மூச்சு ஸ்பீக்கரிலிருந்து கேட்டது. இன்னொன்று பக்கத்திலிருந்து.

"சார், சபா வந்திருச்சு," என்றார் டிரைவர்.

உள்ளே முதல் உருப்படியைத் தொடங்கியிருந்தார்கள். அவர் விரலை விடவில்லை.