ஆள் வருது

ரயில் என்பது தண்டவாளத்தில் ஓடும் தாய்மடி.

விழுப்புரத்தில் ஏறி, பெட்டியின் நடுவழியில் நின்றபடி, அவர் அந்த வரியை இன்னொரு முறை முணுமுணுத்துப் பார்த்தார். மாலைக் கூட்டத்தில் முதல் வரி அதுதான். தாய்மடி வரும்போது குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

தாய்மடியில் இடம் இல்லை.

முப்பத்தேழாம் எண், ஜன்னலோரம். அவர் பெயரில் பதிவான சீட். அதன்மேல் யாரோ துண்டு போட்டிருந்தார்கள்.

"ஆள் வருது போல சார்," என்றார் எதிரே கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாள். "நான் செங்கல்பட்டுல ஏறுறப்பவே கெடந்துச்சு."

"இது என் சீட்டும்மா. ரிசர்வேஷன்."

"இருக்கட்டுமே. துண்டு கெடக்கே."

பக்கத்தில் இருந்தவரும் தலையாட்டினார். அச்சடித்த எண்ணைவிடப் போட்ட துண்டுக்கு மதிப்பு அதிகம் என்பது இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அவர் எடுத்துப் போடக் கை நீட்டினார்.

வெள்ளைத் துண்டு. பச்சைக் கரை. ஓரத்தில் சலவைக்காரர் போட்ட கறுப்பு மைக் குறி.

வி 41.

கை பாதியில் நின்றது.

வி என்றால் விடுதி. நாற்பத்தொன்று அவருடைய எண். கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் அவருடைய சட்டை, வேட்டி, தலையணை உறை எல்லாவற்றிலும் இருந்த எண்.

ஒரு மூலை ஈரமாக இருந்தது.

அன்று விழுப்புரம் பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவித் துடைத்ததும் அந்த மூலையில்தான்.

அந்த 'அன்று' ஊருக்கே தெரியும். முப்பத்தோரு மேடைகளில் சொல்லியிருக்கிறார். கூட்டம் பிதுங்கும் பாசஞ்சர் வண்டி. விருத்தாசலத்தில் கூடையோடு ஏறுகிறாள் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. யாரும் அசையவில்லை. ஒரே ஒரு மாணவன் எழுகிறான். உட்காருங்கம்மா. திருச்சிவரை நின்றே வருகிறான். இந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முன்வரிசையில் இரண்டு பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள். இன்றைக்குத் திருச்சியில் கொடுக்கப்போகும் 'பயணச் செம்மல்' பட்டமே அந்தக் கதைக்குத்தான்.

மேடைக்கு வராத சமாசாரம் ஒன்று உண்டு.

துண்டு.

கால் நீட்டிக்கொள்ளத் தோதாகப் பக்கத்து இடத்தில் அதைப் போட்டிருந்தார். அவள் கேட்டாள். ஆள் வருது என்றார். அவள் கதவோரம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். ஆள் யாரும் வரவில்லை. திருச்சியில் அவளைத் தாண்டி இறங்கிய அவசரத்தில் துண்டை மறந்துவிட்டார்.

முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

துண்டின் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. யாரோ இத்தனை காலம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல.

அவர் நின்றுகொண்டார்.

வெயில். முந்திரித் தோப்புகள் பின்னால் ஓடின. கடலைத் தோல் பறந்து வந்து அவர் செருப்பில் விழுந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். "முப்பத்தேழு ஏறியாச்சு," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு நகர்ந்தார். நிற்கிறவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விருத்தாசலம்.

வண்டி நிற்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் ஒயர் கூடை வந்தது. சிவப்பும் மஞ்சளும். பிறகு வயிறு. பிறகு அவள்.

இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்காது. அன்றும் தாண்டவில்லை.

நேராக வந்து அவர் முன்னால் நின்றாள். துண்டைப் பார்த்தாள்.

"தம்பி, இங்க ஆளு வருதா?"

அறுபது வயதுக்காரரைத் தம்பி என்றாள். கடலை அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், முப்பத்தோரு மேடையும் நிஜமாகிவிடும். மேடையில் ஒரு நாளும் தடுமாறாத வார்த்தை. அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஆள் வருதுங்க."

யார் சொன்னது என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

"சரி தம்பி."

அவளிடம் கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்த பதிலைத்தான் இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போகிறவள்போல நடந்தாள். கதவோரம் செய்தித்தாள் விரியும் சத்தம் கேட்டது.

அரியலூர். லால்குடி. கொள்ளிடம் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியது. அவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை.

திருச்சியில் இறங்கும்போது அங்கே செய்தித்தாள் மட்டும் கிடந்தது. மிதிக்காமல் தாண்டினார்.

வரவேற்புக் குழுச் செயலாளர் அந்தோணிச்சாமி மாலையோடு ஓடி வந்தார். "ஜன்னலோரமாப் பார்த்துப் போட்டோம் ஐயா. காலை நீட்டி சௌகரியமா வந்தீங்களா?"

அன்று மாலை, முப்பத்திரண்டாவது முறையாக, அவர் கதையைச் சொன்னார். திருச்சிவரை நின்றே வந்தேன் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நின்றது வாஸ்தவம்.

சீட் காலியாகவே வந்தது.